நாற்காலிக்குப் பின்னால் யார்?

மேலவளவு முதல் கிராம சபை வரை: ஒரு நினைவுச் சொற்பொழிவு

 

1997 ஜூன் 30 ஒரு திங்கட்கிழமை. மேலவளவு ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் அவருடைய தோழர்களும் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு எப்போது கிடைக்கும் என்று கேட்கத்தான் போயிருந்தார்கள். வழியில் பேருந்து மறிக்கப்பட்டது. முருகேசன், துணைத் தலைவர் மூக்கன், மற்றும் நால்வர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டது.

ஆண்டுதோறும் இந்த நாளில் ஈகியரின் பெயர்களைச் சொல்லி முழக்கமிடுகிறோம். அது நம் கடமை. இன்று அதோடு இன்னொன்றையும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறோம். முருகேசன் கொல்லப்பட்ட நாளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவர் தலைவராக இருந்த நாள்களைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. வாக்குப்பதிவு நடந்தது 1996 டிசம்பர் 31. அன்றிலிருந்து சரியாக ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் அவரால் தன்னுடைய ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. தேர்தல் முறையாக நடந்தது, வெற்றி அறிவிக்கப்பட்டது, பதவி கிடைத்தது. ஆனால் அலுவலகத்தின் கதவு திறக்கவில்லை. இது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

தேர்தல் வந்த வழி

அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடம் ஒதுக்க வேண்டும் என்றது. உறுப்பினர் பதவிக்கு மட்டுமல்ல, தலைவர் பதவிக்கும் இட ஒதுக்கீடு வந்தது. அதற்கேற்ப 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டின் ஊராட்சி வரலாற்றில் சேரியிலிருந்து பெரும் எண்ணிக்கையில் தலைவர்கள் வருவதற்கு வழி திறந்தது அப்போதுதான்.

மேலூர் வட்டத்தில் உள்ள மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் அதை ஏற்கவில்லை. முதல் சுற்றில் மிரட்டலுக்கு அஞ்சி வேட்பு மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. டிசம்பரில் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தபோது வாக்குப் பெட்டிகள் பறிக்கப்பட்டன. மூன்றாம் முறை, பலத்த காவல் பாதுகாப்போடு, ஆண்டின் கடைசி நாளில் நடந்த மறுவாக்குப்பதிவில் முருகேசன் வென்றார். தேர்தலை நடத்தும் அளவுக்கு அரசிடம் காவல்துறை இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பணிபுரியும் அளவுக்கு அரசிடம் மனம் இருக்கவில்லை. காவல் வண்டிகள் புறப்பட்ட பிறகு அங்கே எஞ்சியிருந்தது பழைய ஊர்தான்.

வழக்கு சேலம் நீதிமன்றத்தில் நடந்தது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். நீதிமன்றம் கொலைக்குத் தண்டனை தந்தது. திறக்காத கதவுக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கான விடை குற்றவியல் சட்டத்தில் இல்லை. பிரதிநிதித்துவத்தின் வரலாற்றில் இருக்கிறது.

71 இடமும் 148 இடமும்

1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது அம்பேத்கருக்கு வயது 27. வாக்குரிமை பற்றி ஆராய வந்த அந்தக் குழுவிடம் அவர் வாக்குரிமை மட்டும் போதாது என்று வாதிட்டார். வாக்குப் போடுகிறவராக மட்டும் இருந்தால், சட்டம் செய்கிறவர்கள் எப்போதும் நமக்கு எசமானர்களாகவே இருப்பார்கள் என்பது அந்த வாதத்தின் சாரம். கருத்துகளுக்குப் பிரதிநிதித்துவம் இருந்தால் போதும், ஆட்களுக்கு வேண்டியதில்லை என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. ஒதுக்கப்பட்ட மக்களின் கருத்தை வேறொருவர் சொல்ல முடியாது. அவர்களே அவையில் இருக்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் நம் முன்னோடிகள் இதையே செயலில் காட்டினார்கள். எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினர்களாகப் போனார்கள். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று அரசு அழைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1922இல் ராஜா கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எதையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் சீனிவாசன் கொண்டுவந்தார். ஒரு குரல் அவைக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவை சான்று. பிரதிநிதித்துவத்தால் பயனில்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு தீர்மானங்களையும் நாம் நினைவூட்ட வேண்டும்.

லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சென்றார்கள். அதன் தொடர்ச்சியாக 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. மாகாண சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 71 தனித் தொகுதி இடங்கள். அந்த இடங்களுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பார் மட்டுமே வாக்களிப்பார்கள். அதோடு பொதுத் தொகுதியிலும் அவர்களுக்கு ஒரு வாக்கு உண்டு. அதுதான் இரட்டை வாக்குரிமை. முதல் வாக்கால் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் வாக்கால் ஊரின் பிரதிநிதியும் நம் வாசலுக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும்.

காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 இடம் 148 ஆயிற்று. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30 இடங்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் இரட்டிப்புக்கும் மேல். ஆனால் அந்த 148 பேரையும் இறுதியில் தேர்ந்தெடுப்பவர்கள் கூட்டு வாக்காளர்கள், அதாவது எல்லாச் சாதியினரும். முதல்நிலைத் தேர்தலில் ஒடுக்கப்பட்ட வகுப்பார் நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நால்வரில் யார் வெல்வது என்பதை ஊர் முடிவு செய்யும். முதல்நிலைத் தேர்தலும் பத்தாண்டுகளுக்குத்தான்.

இதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1938இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். அப்போது மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி அதை எதிர்த்தார். மசோதா தோற்றது. காங்கிரஸ் வேட்பாளர்களாக வென்று வந்திருந்த நம் உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. யார் வாக்கில் வென்றார்களோ, யார் தயவில் வேட்பாளர் ஆனார்களோ அவர்களுக்குத்தான் அந்த உறுப்பினர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முறையே அப்படி அமைந்திருந்தது.

விடுதலைக்கு முன்னும் பின்னும் இதைச் சரிசெய்யும் முயற்சிகள் நடந்தன. 1947இல் பட்டியல் சாதிகள் சம்மேளனத்தின் சார்பில் அம்பேத்கர் தந்த 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கை தனி வாக்காளர் தொகுதியை மீண்டும் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எஸ். நாகப்பா ஒரு திருத்தம் முன்மொழிந்தார். தனித் தொகுதியில் வெல்பவர், அங்கே பட்டியல் சாதியினர் அளித்த வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காட்டையாவது பெற்றிருக்க வேண்டும் என்பது அது. கூட்டுத் தொகுதியை ஏற்றுக்கொண்டே, அதற்குள் நம் மக்களின் குரலுக்கு ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் கேட்ட திருத்தம். அதுவும் ஏற்கப்படவில்லை. அரசமைப்பை எழுதிய அம்பேத்கரே 1952இல் வடக்கு பம்பாயிலும் 1954இல் பண்டாராவிலும் தோற்கடிக்கப்பட்டார். நம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருப்பது வேறு, கூட்டுத் தொகுதியில் வெல்வது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இன்று தமிழ்நாட்டு சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. மக்களவையின் 39 தமிழ்நாட்டு இடங்களில் 7 தனித் தொகுதிகள். 44 பேர் ஒரே அணியாக நின்றால் எந்த அரசும் பேச்சுக்கு வரும். ஆனால் அவர்கள் பல கட்சிகளின் கொறடாக்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவி போகும். 1938இல் கட்சிக் கட்டுப்பாடாக இருந்தது இன்று அரசமைப்பின் பத்தாவது அட்டவணையாக இருக்கிறது.

ஊரின் கையில் வாக்கு

புனா ஒப்பந்தத்தின் கதை சட்டமன்றத்தோடு நிற்கவில்லை. 1996இல் அது கிராமத்துக்கு வந்தது. ஊராட்சித் தலைவரையும் கூட்டு வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் நடந்தது என்ன?

தேர்தல் அறிவிக்கப்படும், யாரும் மனு செய்ய மாட்டார்கள். அல்லது, ஆதிக்கச் சாதியினர் தங்கள் வயலில் வேலை பார்க்கும் ஒருவரை மனு செய்ய வைப்பார்கள்; அவர் வெல்வார்; பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுப்பார். மீண்டும் அறிவிப்பு, மீண்டும் விலகல். சட்டப்படி பார்த்தால் இதில் பெரும்பகுதிக்குக் குற்றம் சொல்ல முடியாது. மனு செய்யாமல் இருப்பது ஒருவரின் விருப்பம். விலகுவதும் உரிமை. பெரும்பான்மை வாக்குப் பெற்றவர் வெல்வதுதான் தேர்தல். தேர்தல் ஜனநாயகத்தின் ஒவ்வொரு விதியையும் கடைப்பிடித்தே அந்த ஜனநாயகத்தைப் பத்து ஆண்டுகள் நிறுத்தி வைக்க முடிந்தது.

விலகல் கடிதம் கொடுத்தவர்களை நாம் கோழைகள் என்று சொல்லக் கூடாது. அவர் வேலை செய்யும் வயல் யாருடையது? அவர் ஆடு மேயும் புறம்போக்கில் யார் அதிகாரம் செலுத்துகிறார்கள்? அவர் வீட்டுக்கு வரும் பாதை யார் நிலத்தின் ஓரமாக வருகிறது? அரசமைப்பு நிறைவேறுவதற்கு முதல் நாள், 1949 நவம்பர் 25 அன்று, அம்பேத்கர் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் எல்லோருக்கும் ஒரே வாக்கு, ஒரே மதிப்பு. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்த மதிப்பு மறுக்கப்படும். இந்த முரண்பாட்டோடு நாம் எவ்வளவு காலம் வாழப் போகிறோம் என்று கேட்டார். பாப்பாபட்டியில் அந்த முரண்பாடு ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்தாக இருந்தது.

2006 அக்டோபரில் இந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதை எப்படிச் சாதித்தார்கள் என்று பார்த்தால், பத்தாண்டுகள் இயக்கங்கள் விடாமல் போராடின, அரசு உறுதியாக இருந்தது, மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. தேர்தல் அறிவிப்பால் மட்டும் நடக்காத ஒன்று, மக்களும் நிர்வாகமும் தொடர்ந்து பங்கெடுத்ததால் நடந்தது. இந்தப் பாடத்தை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காசோலை, இரண்டு கையெழுத்து

வெளிப்படையான எதிர்ப்பு குறைந்த இடங்களில் வேறு முறைகள் வந்தன. ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரின் கையெழுத்தோடு துணைத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தனி ஊராட்சியில் தலைவர் சேரியைச் சேர்ந்தவர் என்றால், துணைத் தலைவர் பெரும்பாலும் ஊர்த் தெருவைச் சேர்ந்தவர். தெருவிளக்குக்கு ஒரு குழல் விளக்கு வாங்கவும் மோட்டார் பழுது பார்க்கவும் அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஊழலைத் தடுக்க வந்த விதி, ஒரு சாதி இன்னொரு சாதியின் கையைப் பிடித்து நிறுத்தும் விதியாகவும் பயன்படுகிறது. தலைவர் பெண்ணாகவும் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. அவரை உட்கார வைக்காமல் அவர் பெயரில் வேறொருவர் ஆள்வதற்கு ஊரும் வீடும் சேர்ந்தே முயல்கின்றன.

2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவராக இருந்த தலித் பெண் சுதந்திர நாளில் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்த பிறகு ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவரான தலித் பெண் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த படம் வெளியானது; மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும் என்று மாநிலத் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். விடுதலை பெற்று 75 ஆண்டுகளுக்குப் பிறகு, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் கொடிக்கயிற்றை இழுக்க அரசின் கடிதம் தேவைப்பட்டது.

இந்த நிகழ்வுகளில் எல்லாம் அவர்களுக்குப் பாதுகாப்பாக வந்தது யார்? ஊடகமும் ஆட்சியரும். மேலிருந்து வந்த பாதுகாப்பு. அதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்சியரின் வண்டி ஒரு நாள்தான் நிற்கும். 1996 டிசம்பர் 31 அன்று வந்த காவல் வண்டிகளும் ஒரு நாள்தான் நின்றன. மீதி 364 நாளும் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கப் போவது யார்?

கிராம சபை யாருடையது?

தேர்தல் ஜனநாயகத்தின் குறைகளுக்கு மாற்றாக இன்று பலரும் சொல்வது பங்கேற்பு ஜனநாயகம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துவிட்டு ஒதுங்காமல், மக்களே கூடி முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். அரசமைப்பு அதற்குத் தந்திருக்கும் வடிவம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டியதில்லை, கட்சி வேட்பாளர் ஆக்க வேண்டியதில்லை, விலகல் கடிதம் வாங்கவும் முடியாது.

ஆனால் அம்பேத்கரைப் படித்த நமக்குக் கிராமம் என்ற சொல்லைக் கேட்டதும் ஐயம் வரும்; வர வேண்டும். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தை அடிப்படை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதற்காக அவர் மகிழ்ந்தார். இந்தியக் கிராமத்தை அவர் குறுகிய பற்றும் வகுப்புவாதமும் தேங்கிய இடமாகப் பார்த்தார். சில நாள்களில், நவம்பர் 22 அன்று, சென்னையைச் சேர்ந்த கே. சந்தானத்தின் திருத்தத்தின் வழியாகக் கிராமப் பஞ்சாயத்து பற்றிய பிரிவு அரசமைப்பில் நுழைந்தது. அதுவே இன்றைய 40ஆவது உறுப்பு. அந்தத் திருத்தத்தை அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். கிராமம் பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கிராம சபையின் வலிமைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் ஒடிசாவின் நியமகிரியைச் சொல்வார்கள். அந்த மலையில் பாக்சைட் வெட்டுவது குறித்து அங்குள்ள சபைகளே முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூலை, ஆகஸ்டில் கூடிய 12 கிராமங்களின் சபைகளும் ஒன்றுபோல மறுத்தன. பெரும் நிறுவனம் பின்வாங்கியது. நாம் அதைக் கொண்டாடுகிறோம். அதே நேரம் ஒரு வேறுபாட்டையும் கவனிக்கிறோம். நியமகிரியின் டோங்ரியா கோண்டு மக்கள் தங்கள் மலையில், தங்கள் நிலத்தில், தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். எதிரி வெளியிலிருந்து வந்தான். நம் ஊராட்சியில் ஊரும் சேரியும் இரண்டு. சபை கூடினால் நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளை நமக்குக் கூலி தர வேண்டியவர்.

அதனால் பங்கேற்பு என்ற சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. சபையை எங்கே கூட்டுகிறார்கள், யார் முன்வரிசையில் இருக்கிறார்கள், யார் எழுந்து பேசினால் ஊர் முணுமுணுக்கிறது என்பதெல்லாம் அதிகாரம் பற்றிய கேள்விகள். மதச் சார்புள்ள வளாகத்தில் சபையைக் கூட்டக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் கூட்ட வேண்டும் என்று அரசின் சுற்றறிக்கைகள் சொல்கின்றன. நாம் போய்ப் பார்த்த ஊர்களில் பலவற்றில் சபை கூடியது ஊர்த் தெருவில்தான். குறைவெண் வரம்பை நிரப்ப நூறு நாள் வேலைத் தளத்திலிருந்து நம் பெண்களை அழைத்து வருவார்கள். அவர்கள் கைநாட்டும் கையெழுத்தும் வைப்பார்கள். தீர்மானம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். இதைப் பங்கேற்பு என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆனாலும் சபையை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் அதே 1996 தேர்தலில் தலைவரானார் இளங்கோ. நம் சமூகத்தைச் சேர்ந்த பொறியாளர். வடிகால் கட்டிய முறையில் விதி மீறல் என்று அவர் இடைநீக்கம் செய்யப்பட்டபோது அவர் கிராம சபையைக் கூட்டினார். கணக்கு மக்கள் முன் வைக்கப்பட்டது. சபை அவர் பக்கம் நின்றது. மீண்டும் பதவிக்கு வந்து, அடுத்த தேர்தலிலும் வென்று, பத்தாண்டுகள் பணி செய்தார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் அடுத்தடுத்து வாழும் இரட்டை வீடுகளை அங்கே கட்டினார்கள். குத்தம்பாக்கம் வேறு, மேலவளவு வேறு. இரண்டு ஊர்களின் சாதிச் சூழலும் ஒன்றல்ல. ஆனால் ஒன்று தெளிவாகிறது. ஒரு தலைவரை மேலிருந்து நீக்க முயன்றபோது, கீழே கூடிய மக்களால் அவரைக் காப்பாற்ற முடிந்தது. அந்த அரண் முருகேசனுக்குக் கிடைக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

பிரதிநிதித்துவத்தை விட்டுவிட்டுப் பங்கேற்புக்குப் போவோம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நூறாண்டுப் போராட்டத்தில் கிடைத்ததைக் கைவிடுவது ஆகும். பங்கேற்பு இல்லாத பிரதிநிதித்துவம் நாற்காலியில் தனியாக விடப்பட்ட மனிதர். அவரை விலைக்கு வாங்கலாம், விலகச் செய்யலாம், கொல்லலாம். பிரதிநிதித்துவம் இல்லாத பங்கேற்பு ஊர்க்கூட்டம். அங்கே ஊர் பேசும், நாம் கேட்டுக்கொண்டிருப்போம். இரண்டும் சேரும் இடத்தில்தான் நமக்கு அதிகாரம்.

மாணவத் தோழர்கள் கேட்கலாம்: எங்கே தொடங்குவது? நான்கு செயல்களைச் சொல்கிறோம்.

முதலாவது, சபைக்கு முன் சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதற்கு முந்தைய நாள் சேரியில் நாம் கூட வேண்டும். வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். என்ன கேட்பது, யார் கேட்பது, அவர் பேசும்போது அவர் பக்கத்தில் யார் நிற்பது என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும். 1932இல் நாம் இழந்தது நமக்குள் கூடி நம் குரலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. சட்டம் அதைத் தராவிட்டாலும், ஒரு தெருவில் கூடிப் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இரண்டாவது, சபை நம் தெருவிலும் கூட வேண்டும் என்று எழுத்தில் கேட்பது. சுழற்சி முறையை நடைமுறைப்படுத்தச் சொல்லி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு கொடுப்பது. சேரிக்குள் வந்து தரையில் உட்கார மறுப்பவர் யார் என்பதை ஊர் அறியட்டும்.

மூன்றாவது, நம் தலைவரிடம் கணக்குக் கேட்பது. நம்மவர் என்பதால் கேட்காமல் விட்டால் அவர் ஊருக்குப் பதில் சொல்லத் தொடங்குவார். நாம் கேட்டால், கையெழுத்து மறுக்கப்படும்போதும் மிரட்டல் வரும்போதும் அவரும் நம்மிடம் சொல்வார். கேள்வி கேட்பவர்கள்தான் காவலாகவும் நிற்க முடியும்.

நான்காவது, தேர்தலே இல்லாமல் போவதை எதிர்ப்பது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 243இ உறுப்பு. ஆனால் 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோதும் தனி அலுவலர்களே வந்தார்கள். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் நாடு முழுவதற்கும் இழப்பு. நமக்கு அது கூடுதல் இழப்பு. உயிர் கொடுத்துப் பெற்ற நாற்காலி எந்த அரிவாளும் இல்லாமல் காலியாகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் நிலமும் கூலியும் இருப்பதை நாம் மறக்கவில்லை. 1947 அறிக்கையில் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதியோடு வேளாண் நிலத்தை அரசுடைமை ஆக்குவதையும் சாதி வேறுபாடு இன்றிக் கூட்டாகப் பயிரிடுவதையும் சேர்த்தே கேட்டார். ஒருவர் வயலை நம்பி வாழ்பவர் அவருக்கு எதிராகக் கை உயர்த்துவது கடினம் என்று அவருக்குத் தெரியும். பஞ்சமி நில மீட்பும் கூலிப் போராட்டமும் கிராம சபைக்கு வெளியே நடக்கும் தனி வேலைகள் என்று நாம் எண்ணக் கூடாது. சபையில் நிமிர்ந்து பேசுவதற்கான தெம்பு அங்கிருந்துதான் வரும்.

தோழர்களே, முருகேசன் அன்று ஆட்சியரிடம் போனது தனக்காக அல்ல. எரிந்த வீடுகளின் கணக்கைக் கேட்கப் போனார். தன் அலுவலகத்தில் உட்கார விடாதபோதும் ஒரு தலைவர் செய்ய வேண்டிய வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். அந்த வேலையில் அவரோடு போனவர்கள் சிலர். அவர்களும் அவரோடு மாண்டார்கள். அந்தப் பேருந்தில் அவர் பின்னால் ஊராட்சியின் சேரி முழுவதும், பக்கத்து ஊராட்சிகளின் சேரிகளும், சாதியை மறுக்கும் ஊர்த் தெருவின் மனிதர்களும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த கிராம சபை நாள் வருகிறது. அதற்கு முந்தைய மாலை உங்கள் தெருவில் கூடுங்கள்.

மேலவளவு ஈகியருக்கு வீரவணக்கம். ஜெய் பீம்.